கழற்றிய கூரை யாருக்குச் சொந்தம்?

(கற்பிட்டியில் வீட்டு உரிமையாளர்களும் கட்டட வேலை செய்வோரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூரையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். கூரை போடுவது எப்படி என்று சொல்ல இந்தச் சபையில் என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் கூரையைக் கழற்றுவதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

போட்ட நாளில் எல்லாக் கூரையும் அழகுதான். கழற்றுகிற நாளில்தான் அதன் குணம் தெரியும். இறக்கியதை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கிப் போனால், அல்லது மண் அதை ஏற்றுக்கொண்டால், அது நல்ல கூரை. இறக்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் வேலியோரம் சாத்தி வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தால், அது போட்ட நாளிலேயே கெட்ட கூரை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கான சாட்சி.

முதல் சாட்சியை வெளிநாட்டிலிருந்து அழைக்கிறேன். பிரித்தானியாவில், அதிலும் வேல்ஸ் பகுதியில், வீட்டுக் கூரைக்குச் சிலேட்டுக் கல் போடுவார்கள். நம்மில் வயது போனவர்கள் சிறுவயதில் குச்சி பிடித்து எழுதினார்களே, அந்த வகைக் கல். மலையில் பாளம் பாளமாக வெட்டி, உளியால் மெல்லிய தகடுகளாகப் பிளந்து, துளையிட்டு, சிலாகையில் ஆணி அடித்து வரிசை வரிசையாக மாட்டுவார்கள். பென்ரின், டினோர்விக் என்ற இரண்டு பெரிய கற்குவாரிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கல் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போனது. வடமேற்கு வேல்ஸின் அந்தச் சிலேட்டுப் பிரதேசத்தை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலும் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா, சம்பா பக்கத்து வீடுகள் சிலேட்டுக் கூரைக்குப் பெயர் போனவை.

நல்ல சிலேட்டுக் கல் நூறு வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் கூரை அத்தனை காலம் நிற்பதில்லை. காரணம் கல் அல்ல, ஆணி. இரும்பாணி துருவேறி அறுந்ததும் கற்கள் ஒவ்வொன்றாக நழுவும். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை முடிந்தது என்று முடிவு கட்டுவார். முடிந்தது ஆணி மட்டும்தான்.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே விலை மலிந்த கொங்கிரீற் ஓடு பரவியது. பலரும் சிலேட்டை இறக்கிவிட்டு அந்த ஓட்டைப் போட்டார்கள். "பழையதை நாங்களே அள்ளிக்கொண்டு போகிறோம், அதற்குத் தனியாகக் காசு வேண்டாம்" என்று கொந்தராத்துக்காரர் சொன்னால் வீட்டுக்காரருக்குச் சந்தோசம். அள்ளிப் போன கல் பழைய சாமான் விற்கும் முற்றத்தில் தரம் பிரித்து அடுக்கப்பட்டு, இன்னொரு வீட்டுக்கு நல்ல விலைக்குப் போனது. நட்டம் அதோடு முடியவில்லை. சிலேட்டுக் கூரை சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 30 கிலோ. கொங்கிரீற் ஓடு 45 முதல் 50 கிலோ. சிலேட்டுக்கு அளந்து போட்ட கைமரம் அந்தப் பாரத்துக்குக் கீழே தொய்ந்தது. வீட்டுக்காரர் நூறு வருடப் பொருளை இனாமாகக் கொடுத்து, முதுகு வளைந்த கூரையைக் காசுக்கு வாங்கினார்.

இந்தக் கதையில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிடிமானம் போனதைப் பொருள் போனதாக நினைத்தது. இரண்டு, கழற்றியதற்கு விலை உண்டு என்று வீட்டுக்காரருக்குத் தெரியாதது. மூன்று, புதியதன் பாரத்தை யாரும் கேட்காதது. சிலேட்டுக் கல் கற்பிட்டியில் இல்லை. இந்த மூன்று பிழையும் இங்கே தாராளமாக இருக்கின்றன.

இனி நம்முடைய மண்ணுக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவில் மணல் நிலமும் தென்னையும். வைகாசி தொடங்கினால் மாதக்கணக்கில் கச்சான் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் இங்கே வருகிறார்கள். அதே காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து நம் கூரைமேல் கொட்டுகிறது. ஆகவே கற்பிட்டியில் எந்தக் கூரையும் மூன்று பரீட்சையில் தேற வேண்டும்: காற்று, உப்பு, தேங்காய். மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். தென்னந்தோட்டத்துக்குள் ஓட்டுவீடு கட்டியவர் சிரிக்கமாட்டார்.

பழைய கூரை கிடுகு. தென்னோலையை ஊறவைத்து முடைந்து வேய்வோம். ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றியாக வேண்டும். மாற்றிய கிடுகைத் தென்னையடியில் போட்டால் உரம், அடுப்பில் போட்டால் விறகு. யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள், ஆனால் மண் வாங்கிக்கொள்ளும். கழற்றும் நாள் பரீட்சையில் கிடுகு முதல் தரம். அடுத்து வந்தது தகரம். உப்புக்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும், வெயிலில் வீட்டை அடுப்பாக்கும். ஆனாலும் பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்குவார். அதுவும் எப்படியோ தேறிவிட்டது.

ஓடு வேறு. ஓட்டுக்கூரை ஒரு காலத்தில் எல்லாருக்கும் கிடைக்காத உரிமை. 1660இல் கண்டி அரசரிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், கண்டி இராச்சியத்தில் சாதாரண குடிமக்கள் வீட்டுக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறார். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை வைத்து மனிதனை எடைபோடுகிற வழக்கம் அவ்வளவு பழையது. இன்றைக்கு ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டால்தான் "புது வீடு" என்கிற எண்ணமும் அந்த வழக்கத்தின் வால்தான்.

ஓட்டைச் சாதாரண சனத்தின் கைக்குக் கொண்டுவந்தவை தொழிற்சாலைகள். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரையில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றோடு ஒன்று கொளுவி நிற்கும் தட்டை ஓட்டை அதற்கு முன்பே, 1841இல், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கியிருந்தார்கள். அந்த வடிவத்தை மங்களூர்க் களிமண்ணில் அச்சடித்துச் சுட்டதுதான் பிளெப்ஸ்ட் செய்த வேலை. பிறகு கள்ளிக்கோட்டையிலும் பாலக்காட்டிலும் அதே மிஷனின் தொழிற்சாலைகள் எழுந்தன. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரசு அவற்றைக் கைப்பற்றியது. பின்னர் அவை கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. பழைய வீட்டிலிருந்து ஓடு இறக்கினால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்த தொழிற்சாலையின் பெயர் அச்சில் பதிந்திருக்கும். அந்தப் பெயருக்கு விற்பனையில் பயன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் பேர் சொல்லி அழைத்தாலும், இன்று வாங்குவதில் பெரும்பகுதி நம் புத்தளம் மாவட்டத்திலேயே செய்தது. வென்னப்புவ, தங்கொட்டுவ, வைக்கால், பங்கதெனிய என்று மாவட்டத்தின் தெற்குப் பகுதி முழுக்க ஓட்டுச் சூளைகள். மகா ஓயா, தெதுறு ஓயாவை அண்டிய களிமண்தான் அதற்கு மூலதனம். தோண்டிய இடம் குழியாக நிற்கிறது. சூளைக்கு விறகு வேண்டும். ஒரு ஓடு கெட்டியாக வேண்டுமென்றால் 800 பாகைக்கு மேலே வேக வேண்டும். ஆகவே இறக்கிய நல்ல ஓடு ஒன்றை நீங்கள் உடைத்து எறிந்தால், அதற்குப் பதில் எங்கேயோ ஒரு கூடை மண்ணும் ஒரு கட்டை விறகும் போகின்றன.

இப்போது நான்காவது கூரைக்கு வருகிறேன். அஸ்பெஸ்டஸ் சீற். மலிவு, லேசு, ஒரே நாளில் போட்டு முடிக்கலாம், துருப்பிடிக்காது. போடும் நாளில் அதைவிடச் சிறந்த கூரை கிடையாது. அதில் பெரும்பகுதி சீமெந்து. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அஸ்பெஸ்டஸ் நார். சீற் முழுசாக இருக்கும்வரை நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். வெட்டினால், துளைத்தால், உடைத்தால், பாசியை இரும்புத் தூரிகையால் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத தூசியாக வெளியே வரும். சுவாசப்பைக்குள் போனது திரும்பி வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக எழும்பும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன.

நம் நாடு நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்தது. கூரைச் சீற்றில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸின் இறக்குமதியை 2018 தொடக்கம் நிறுத்துவது என்றும் அரசாங்கம் அறிவித்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். அதே நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை பின்போடப்பட்டது. தேயிலை மறுபடியும் கப்பலேறியது. கூரை விவகாரம் கற்பிட்டி வீட்டு முற்றத்தில் தொடங்கி எங்கே போய் முடிகிறது, பார்த்தீர்களா?

நான் உங்களைப் பயமுறுத்த வரவில்லை. சீற்றுக்குக் கீழே குடியிருப்பவர்கள் இன்றைக்கே வீட்டைவிட்டு ஓட வேண்டியதில்லை. கூரை முழுசாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதுதான் பாதுகாப்பு. ஆபத்து கழற்றும் நாளில். என் பேச்சுக்குத் தலைப்பே அதுதான்.

கழற்றும் வேலைக்குப் போவோம். முதலில் ஓட்டுக்கூரை. பழைய ஓட்டுவீடு ஒன்றை இறக்கும்போது நல்ல கூரைவேலைப் பாஸ் ஒருவர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். மாசி, பங்குனியில், மழையும் கச்சானும் இல்லாத நாட்களில் வேலையை வைத்துக்கொள்வார். முகட்டில் தொடங்குவார். முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சுண்ணாம்புச் சாந்தைச் சின்ன உளியால் பக்கவாட்டில் தட்டுவார், மேலிருந்து குத்தமாட்டார். முகடு பிரிந்ததும் வரிசை வரிசையாகக் கீழ்நோக்கி எடுப்பார். ஒரு ஓட்டைப் பிடுங்கமாட்டார். கீழ் விளிம்பைப் பெருவிரலால் உயர்த்தி, கொளுக்கி சிலாகையை விட்டு வந்ததும் தன் பக்கம் இழுப்பார். எறிவது கிடையாது. சாரத்தில் ஒருவர், ஏணியில் ஒருவர், நிலத்தில் ஒருவர் என்று கைமாறி இறங்கும். நிலத்தில் மணலைச் சமப்படுத்தி, ஓட்டை நெட்டுக்குத்தாக, ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவார்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பாரத்தில் வெடிக்கும். இரண்டு நாள் வேலை மூன்று நாளாகும். அந்த ஒரு நாள் கூலிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ஓடு பிழைக்கும்.

பிறகு தரம் பிரிப்பது. ஓட்டை ஒரு கையில் மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் மொளியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு அல்லது வேகாத ஓடு. பிரித்தானியாவில் பழைய சிலேட்டுக் கல்லையும் இப்படித்தான் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். அடுத்து அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. ஈரத்தோடு உறிஞ்சிய உப்பு, காயும்போது படிகமாகிப் பொருமி, ஓட்டைப் படை படையாக உரிக்கும். கடலுக்கு முகங்கொடுத்த பக்கத்து ஓட்டில் இது அதிகம். சந்தேகம் இருந்தால் உலர்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, மறுபடி நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கூடினால் அதை ஒதுக்கிவிடுங்கள். கொளுக்கி உடைந்ததையும் ஒதுக்குங்கள். பாசி கறுத்திருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். அது தோல், நோய் அல்ல.

அடுத்தது அடிப்பக்கத்துப் பெயர். ஒரே பெயருள்ள ஓடுகளை ஒன்றாக அடுக்குங்கள். இரண்டு தொழிற்சாலை ஓடு பார்க்க ஒன்றுபோல இருக்கும், வரிசையில் போட்டால் கொளுவாது. அந்த இடைவெளியால்தான் மழை இறங்கும். கலந்து கிடக்கும் குவியலுக்கு உடைசல் விலைதான் கிடைக்கும். ஒரே பெயரில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சேர்ந்தால் அது ஒரு வீட்டுக்கூரை. வாங்குகிறவர் கேட்கிற விலையும் வேறு. ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 1,400 ஓடு தேவை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க ஆள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தெருவோரங்களில் பழைய வீடு உடைத்த சாமான் விற்கும் இடங்கள் இருக்கின்றன. கதவு, நிலை, யன்னல், வளை, ஓடு என்று தனித்தனியாக அடுக்கியிருப்பார்கள். கறுத்த பழைய ஓட்டைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களில் உல்லாச விடுதிக்காரர்கள் முக்கியமானவர்கள். புது ஓட்டில் அந்த நிறம் வராது.

பழையதைக் கழற்றி மறுபடி கட்டுவது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். முற்றங்களைச் சுற்றிய ஓட்டுவீடு. 2009இல் அந்தக் காணி கைமாறியது. வீட்டை இடிக்க விடாமல், ஒவ்வொரு பகுதியாக இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தொட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் அது மீண்டும் வீடாக நின்றது. தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவிலும் செட்டிநாடு முதலிய இடங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வீடுகளை அப்படியே எழுப்பி வைத்திருக்கிறார்கள். காரைக்குடியிலோ உடைத்த வீடுகளின் தூணையும் கதவையும் விற்பதற்கே ஒரு தெரு இருக்கிறது.

பாவாவின் பெயரைச் சொன்னபடியால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மழை ஒழுகாமல் இருக்க, நெளிவுச் சீற்றை முதலில் போட்டு அதற்குமேல் அரைவட்டப் பீலி ஓட்டை அடுக்கும் முறையை அவர் பரப்பினார். அழகான முறைதான். பிறகு வந்தவர்கள் பலரும் அதைப் பின்பற்றினார்கள். ஆகவே வெளியே இருந்து பார்க்கும்போது ஓட்டுக்கூரையாகத் தெரிவது உள்ளே அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். பழைய பங்களா ஒன்றை உடைக்கப் பொறுப்பெடுக்கும் பாஸ்மார் முதலில் ஒரு பீலி ஓட்டை உயர்த்திக் கீழே என்ன என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

விற்பதிலும் வாங்குவதிலும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது சட்டம். நம் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரை முருகைக்கல்லால் கட்டினார்கள். இன்றைக்கு முருகைக்கல் தோண்டுவது சட்டப்படி குற்றம். அதனால் பழைய சுவர்க்கல்லுக்கும் ஓட்டுக்கும் ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. ஒல்லாந்தர் காலத்துச் சுவரில் இருந்து ஒரு கல்லையோ ஓட்டையோ விற்க உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

இரண்டாவது எல்லை மனச்சாட்சி. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கற்பிட்டி, புத்தளம் மண்ணில் கிடுகுக் குடிலுக்குள் ஒதுங்கினார்கள். இந்தச் சபையிலும் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பூட்டிவிட்டு வந்த வீடுகள் பலவற்றில் பிறகு ஓடும் இல்லை, வளையும் இல்லை, நிலைக்கதவும் இல்லை. போர் நடந்த ஊர்களில் மற்றச் சனங்களின் வீடுகளுக்கும் அதே கதிதான். கழற்றி விற்கக்கூடிய கூரைக்கு இப்படி ஒரு சாபமும் உண்டு: அதைக் களவெடுக்கவும் முடியும். ஆகவே பழைய ஓடு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இது எந்த வீட்டு ஓடு என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.

இனிச் சீற்றை இறக்கி ஓடு போட விரும்புகிறவர்களுக்கு. நல்ல முடிவு. ஆனால் வேல்ஸ்காரர்களின் மூன்றாவது பிழையை நீங்கள் செய்யாதீர்கள். சீற் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 15 கிலோ. கள்ளிக்கோட்டை ஓடு 40 கிலோ அளவில் வரும். ஆயிரம் சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவாகச் சுமந்த மரத்தின் மேல் மூன்றரைத் தொன்னுக்கு மேல் ஏற்றுகிறீர்கள். சரிவும் போதாது. சீற்றைப் பத்தடி ஓட்டத்துக்கு இரண்டடி உயரத்தில் போட்டிருப்பீர்கள். ஓட்டுக்கு அதே பத்தடிக்கு ஐந்தடியாவது உயர வேண்டும். இல்லாவிட்டால் வாடைக்காற்று மழையை ஓட்டுக்கு அடியால் ஏற்றிவிடும். ஆகவே இது கூரை மாற்றுவது மட்டுமல்ல. முகட்டை உயர்த்தி, கைமரத்தைப் புதுப்பிக்கும் வேலை. அதற்குப் பணம் இல்லையென்றால் இரண்டு வருடம் பொறுங்கள். அதுவரை சீற்றைத் தொடாமல் விடுங்கள்.

போடும்போது வேல்ஸ்காரர்களின் ஆணியை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்வார வரிசை, முகட்டு வரிசை, இரண்டு பக்க விளிம்பு ஆகிய இடங்களில் ஒவ்வொரு ஓட்டையும் கட்ட வேண்டும். கச்சான் முதலில் கிளப்புவது அவற்றைத்தான். கட்டுவதற்குச் செப்புக் கம்பி அல்லது துருப்பிடிக்காத உருக்கு. சாதாரண இரும்பாணி இந்த உப்புக்காற்றில் ஓட்டின் ஆயுளில் கால்வாசிகூட நிற்காது. பழைய ஓடு போடுகிறீர்கள் என்றால் முதலில் பத்து ஓட்டை அளந்து, அந்த அளவுக்குச் சிலாகை இடைவெளியை வையுங்கள். பழையதும் புதியதும் கலந்துதான் போட வேண்டுமென்றால் ஒரு சரிவு முழுக்கப் பழையது, மறு சரிவு முழுக்கப் புதியது என்று பிரித்துப் போடுங்கள். பிறகு வீட்டோரத் தென்னையைப் பார்த்து ஒரு முடிவெடுங்கள்.

இறக்கிய சீற்றை என்ன செய்வது? இதுதான் கடினமான கேள்வி. தண்ணீரால் நன்றாக நனைத்து, ஆணியைக் கையால் கழற்றி, முழுச் சீற்றாக இறக்குங்கள். மின்வாளால் வெட்டாதீர்கள். மேலிருந்து போட்டு உடைக்காதீர்கள். வேலை செய்கிறவருக்குச் சாதாரண துணி முகக்கவசம் போதாது, தூசு வடிகட்டும் முகமூடி வேண்டும். போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது. சீற்றைத் தடித்த பொலித்தீனால் சுற்றி ஒட்டி வையுங்கள். எங்கே கையளிப்பது என்று பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடிதம் அலமாரிக்குள் போகும். ஊரே சேர்ந்து கேட்டால் ஓர் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

செய்யக் கூடாததையும் பட்டியலிடுகிறேன், ஏனென்றால் இவை எல்லாம் நம் கண்முன்னே நடக்கின்றன. கோழிக்கூட்டுக்கு அடிப்பது, வேலியாக நடுவது, உடைத்து வீதிக் குழியை நிரப்புவது, களப்போரம் கொட்டுவது, ஏழைக்கு உதவி என்று இனாமாகக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதை யோசியுங்கள். நம் வீட்டுக்கு வேண்டாம் என்று இறக்கிய நஞ்சை இன்னொருவர் வீட்டுக் கூரையில் ஏற்றுவதற்குப் பெயர் தர்மம் அல்ல. அதை விற்பது தர்மத்துக்கு இன்னும் தூரம்.

 ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த முறை கூரை வேலைக்குக் கொந்தராத்து எழுதும்போது, தொகையும் நாளும் மட்டும் எழுதாமல், இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். முதல் வரி: "இறக்கும் ஓடு, மரம், முகட்டு ஓடு அனைத்தும் வீட்டுக்காரருக்குச் சொந்தம், எண்ணி ஒப்படைக்க வேண்டும்." இரண்டாவது வரி: "அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் உடைக்காமல் இறக்கிச் சுற்றி ஒப்படைக்க வேண்டும்; விற்கவோ கொடுக்கவோ கூடாது." இரண்டாவது வரிக்காகப் பாஸ் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அது அவருடைய சுவாசப்பைக்கான கூலி.